'பிகாஸ் த நைட்': சரணம் யாருடையது?

பழையகேசட்: அமெரிக்க ராக் பாடகி பட்டி ஸ்மித் பாடிய 'பிகாஸ் த நைட்', ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் முழுதாக எழுதி இரக்கப்பட்டுக் கொடுத்த பாட்டாம். நேற்று ஜெர்சிரசிகன் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1977-இல் நியூயார்க்கின் ரெக்கார்ட் பிளான்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் கையில் இருந்தவை மெட்டும் பல்லவியும்தான். அவருடைய ஒலிப்பொறியாளர் ஜிம்மி அயோவின்தான் பட்டியின் 'ஈஸ்டர்' தொகுப்புக்கும் தயாரிப்பாளர். அந்த அரைகுறைப் பாட்டின் கேசட் அயோவின் வழியாகத்தான் பட்டிக்குப் போனது. காதலர் ஃபிரெட் ஸ்மித்தின் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருந்த இரவில் பட்டி எழுதியவை அந்தச் சரணங்கள். தொலைபேசி பாட்டுக்குள்ளேயே வருகிறது!

ஜெர்சிரசிகன்: மெட்டு யாருடையது? பல்லவி யாருடையது? ஊரே கூடிப் பாடுவது பல்லவியைத்தானே? 1978 மேடைகளில் ஸ்பிரிங்ஸ்டீன் வேறு சரணங்களோடு பாடினார். 1986-இல் வந்த நேரடி நிகழ்ச்சித் தொகுப்பிலும் அப்படித்தான் பாடியிருக்கிறார். அவருக்கா எழுத வராது?

பழையகேசட்: அது பட்டி பாடிய பிறகு. பாட்டுத் தரவரிசையில் அமெரிக்காவில் 13-ஆம் இடம், பிரிட்டனில் 5-ஆம் இடம் வரை போனது பட்டியின் சரணங்களோடுதான்.

தாளக்கட்டை: இடத்தை வைத்துப் பேசினால், 1993-இல் '10,000 மேனியாக்ஸ்' என்ற ராக் குழு இதே பாட்டைப் பாடியது அமெரிக்காவில் 11-ஆம் இடம். அவர்களுக்கே பாட்டைக் கொடுத்துவிடலாமா?

ஜெர்சிரசிகன்: அந்தக் குழுவை இங்கே இழுக்காதீர்கள். பட்டியின் குரலில் இருக்கும் வெறி அதில் இல்லை.

தாளக்கட்டை: போன மாதம் பாடகர் பாப் டிலன் பற்றிய விவாதத்திலும் என்னை இப்படித்தான் மட்டம் தட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

ஜெர்சிரசிகன்: அங்கேயும் நான் சொன்னதுதான் சரி. ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிய 'பிளைண்டட் பை த லைட்' பாட்டை மான்ஃபிரெட் மான் குழு 1977-இல் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. அதனால் அது ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டு இல்லை என்று ஆகிவிடுமா?

பழையகேசட்: அதில் சரணமும் அவருடையது! இதில் சரணம் பட்டியுடையது. உரிமைப் பதிவிலேயே இரண்டு பெயர்கள் இருக்கின்றன. இரக்கப்பட்டுக் கொடுத்ததற்கா பாதிப் பெயர் போடுவார்கள்?

ஜெர்சிரசிகன்: முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். அவர் ஒதுக்கிவைத்த பாட்டுதான் பட்டிக்கு வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றி. 'இரக்கம்' என்று நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன்.

பழையகேசட்: மாற்றவேண்டாம். ஸ்டுடியோவில் பதிவுசெய்த தன் வடிவத்தை ஸ்பிரிங்ஸ்டீன் 2010 வரை வெளியிடவே இல்லை. சரணம் முடிந்திருந்தால் 1978-இல் வந்த தன் தொகுப்பிலேயே ஏன் சேர்க்கவில்லை? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தாளக்கட்டை: டிலன் விஷயத்துக்கு முதலில் அவர் எனக்குப் பதில் சொல்லட்டும்.