தரமா, பண்பா, எழுத்தா? ஆய்வுமுறைச் சொற்கள் இரண்டு

வணக்கம். சமூகப்பணி முதலாண்டுப் பாடநூலில் ஆய்வுமுறைகளை ஒப்பிடும் இயல் என் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். நேர்காணல் போன்றவற்றால் அனுபவங்களை அறியும் ஆய்வை (qualitative) 'தரநிலை ஆய்வு' என்றும், எண்களை வைத்துச் செய்வதை (quantitative) 'தொகைநிலை ஆய்வு' என்றும் வகுப்புக் குறிப்பில் கொடுத்திருந்தேன். தேர்வில் ஒரு மாணவி, "எண்களை வைத்துச் செய்வது தரம் குறைந்த ஆய்வு" என்று எழுதிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தரம் என்றாலே நமக்கு உயர்வு தாழ்வுதான் தோன்றுகிறது. 'பண்புசார், அளவுசார்' என்று மாற்றிவிடலாமா?

—

அம்மா, தரத்தைக் கைவிட்டது நல்லது. ஆனால் பண்பையும் அளவையும் எதிரெதிரே நிறுத்த இலக்கணம் இடம் தராது. பண்புத்தொகையைச் சொல்லும்போது தொல்காப்பியர் 'வண்ணத்தின் வடிவின் அளவின் சுவையின்' என்கிறார். அளவும் பண்புகளில் ஒன்று. நெடுங்கோல் பண்புத்தொகை என்றுதானே படித்தோம்? 'எண்ணென்ப ஏனை எழுத்தென்ப' என்று வள்ளுவர் ஓர் இணையைத் தந்திருக்கிறார். எண்வழி ஆய்வு, எழுத்துவழி ஆய்வு என்று வைக்கலாம். எண்ணுதல் என்றால் கணக்கிடுவது மட்டுமில்லை, நினைப்பதும்தான். எண்ணிக்கையும் எண்ணமும் ஒரே வேரில் கிளைத்தவை.

—

ஐயா, நினைப்பதும் எண்ணுதலே என்றால் நேர்காணலும் எண்வழிக்குள் வந்துவிடுமே! களத்தில் வேலை செய்கிறவளாகச் சொல்கிறேன், எங்களுக்குக் கிடைப்பது எழுத்தில்லை, பேச்சும் மௌனமும். தனியே வாழும் முதியவரிடம் வினாத்தாளை நீட்டி, "தனிமையை எவ்வளவு உணர்கிறீர்கள்? 1 முதல் 5 வரை" என்று கேட்டால் 2 என்பார். தாளை மூடிவிட்டுச் சற்று உட்கார்ந்தால், "வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்று வானொலியை அணைப்பதே இல்லை" என்பார். அதற்காக அந்த 2 பொய்யாகிவிடாது. ஆயிரம் பேரில் உதவி யாருக்கு முதலில் போக வேண்டும் என்று பார்க்க அந்த எண் வேண்டும். என்ன உதவி என்று தெரிய வானொலி வேண்டும். இரண்டையும் தாங்கும் சொல்லாக இருந்தால் போதும். ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அறியும் பகுப்பாய்வுகளுக்கு வேதியியலில் ஏற்கெனவே 'பண்பறி, அளவறி' இருக்கின்றனவே?

—

ஒன்று நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற சமூகப்பணி இல்லத்தில் தங்கிப் பணியாற்றியவர்கள் 1895இல் வெளியிட்ட வரைபடங்களில், அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் வாரக் கூலியை வண்ணம் தீட்டிக் காட்டினார்கள். அங்கே அளவே வண்ணமாகி நிற்கிறது. தொல்காப்பியர் இரண்டையும் ஒரே அடியில் வைத்ததன் அருமை எனக்கு அங்கேதான் புரிந்தது. எழுத்துவழி பிடிக்காவிட்டால் சொல்வழி என்றாவது வையுங்கள்.

—

ஐயா, சொல்வழி என்றால் நம் சகோதரி சொன்ன மௌனம் வெளியே நின்றுவிடும். பண்பறி என்றதும் பிள்ளைகளுக்குச் சோதனைக்குழாய்தான் கண்முன் வருகிறது. தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் 'பண்புசார், அளவுசார்' போதும் என்கிறார்கள். சரி, அப்படியே அனுப்புகிறேன். பண்பு என்பது இங்கே நன்னடத்தை இல்லை, தன்மை என்று முதல் பத்தியிலேயே விளக்கிவிடுகிறேன்.

—

அச்சுக்குப் போகட்டும் அம்மா, தடுக்க மாட்டேன். ஆனால் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அளவும் ஒரு பண்பே என்று அடிக்குறிப்பிலாவது ஒரு வரி போடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யும் கலப்பு முறை பற்றிய இயலை எழுத உட்காரும்போது இந்தச் சிக்கல் மறுபடி வரும், அப்போது பேசுவோம்.