காலுக்கு இறங்கும் நரம்பு வலி: படுத்திருப்பதா, நடப்பதா?

கேள்வி:
பத்து நாட்களாக இடது பிட்டத்தில் தொடங்கும் வலி, தொடையின் பின்புறம் வழியாகக் கெண்டைக்கால் வரை மின்சாரம் பாய்வதுபோல் இறங்குகிறது. இருமினாலும் தும்மினாலும் சுண்டி இழுக்கிறது. பரிசோதித்த மருத்துவர் இது சியாட்டிகா என்றும், இப்போதைக்கு ஸ்கேன் தேவையில்லை என்றும் கூறினார். வீட்டில் முழு ஓய்வில் இருக்க வேண்டுமா என்பதைக் கேட்காமல் வந்துவிட்டேன். அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
நான் இயன்முறை மருத்துவர். வலி மிகக் கடுமையாக உள்ள ஓரிரு நாட்களைத் தவிர, படுத்தே இருப்பது குணமாவதைத் தாமதப்படுத்தும். பெரும்பாலும் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதும், அங்கே அழற்சி உண்டாவதுமே இதற்குக் காரணம். அது தணியத் தணிய, பலருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் வலி குறைந்துவிடுகிறது. அதுவரை 5 அல்லது 10 நிமிட நடையை நாளில் பலமுறை மேற்கொள்ளுங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அமராதீர்கள். வலி எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கெண்டைக்காலில் இருந்த வலி மேலேறி இடுப்போடு நின்றால், இடுப்பில் சற்றுக் கூடியதாகத் தோன்றினாலும் அது நல்ல அறிகுறியே. எந்தப் பயிற்சி வலியைப் பாதத்தை நோக்கி இறக்குகிறதோ, அதை நிறுத்திவிடுங்கள்.

மறுமொழி 2:
மூன்று மாதம் இதை அனுபவித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு இரவுகள்தாம் கொடுமையாக இருந்தன. ஒருக்களித்துப் படுத்து இரு முழங்கால்களுக்கும் நடுவே தலையணை வைத்துக்கொண்ட பிறகே உறக்கம் வந்தது; மல்லாந்து படுப்பவர்கள் முழங்கால்களுக்கு அடியில் வைக்கலாம். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, இடுப்பில் 15 நிமிடம் வைப்பது தசை இறுக்கத்தைத் தளர்த்தியது. கால் இழுக்கிறதே என்று குனிந்து பாதத்தைத் தொட முயன்றது மட்டும் பெரும் தவறு, ஏனெனில் இறுகியிருந்தது தசையன்று, நரம்பு; அதை மேலும் இழுத்து ஒரு வாரம் கூடுதலாகத் துன்பப்பட்டேன்.

மறுமொழி 3:
ஒன்றை மிகுந்த அக்கறையுடன் சொல்கிறேன். ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிப்பதில் தடையோ மலம் அடக்க இயலாமையோ ஏற்பட்டாலோ, இரு கால்களிலும் வலுவிழப்புத் தோன்றினாலோ விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். நடக்கையில் பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலும் தாமதிக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. அத்தகைய அறிகுறி எதுவும் இல்லை. குதிகாலை ஊன்றி நடக்கவும் முடிகிறது. ஆனால் தினமும் காலையில் குனிந்து பாதத்தைத் தொடும் பயிற்சியைத்தான் செய்துவந்தேன். அதை இன்றே நிறுத்திவிட்டு, குறுநடையைத் தொடங்குகிறேன்.