யூஸ்நெட் (மெஷினிலிருந்து மெஷினுக்குக் கட்டுரைகள் கைமாறிப் பரவும் விவாதக் குழுக்கள்) செய்தி ஓட்டம்: இன்னும் உறுத்துகிற அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

வெண்கலப்பானை:
1990. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கும்போது துறையின் நியூஸ் மெஷின் என் பொறுப்பில். அதில் ஓடியது சி-நியூஸ் என்ற மென்பொருள்தான். டிஸ்க் வழிந்தது. காலாவதியான கட்டுரைகளின் மெசேஜ்-ஐடியை (ஒவ்வொன்றுக்கும் உள்ள தனி அடையாளம்) ஹிஸ்டரியில், அதாவது ஏற்கெனவே வந்தவற்றின் பட்டியலில், 14 நாள் ஏன் சுமக்க வேண்டும் என்று 3 நாளாக்கினேன். அப்புறம் வந்தது வினை. பத்து நாளாக இணைப்பு அறுந்து கிடந்த பக்கத்து மெஷின் ஒன்று உயிர்பெற்று, தேங்கியதையெல்லாம் 'ஐஹேவ்' 'ஐஹேவ்' (இந்த ஐடி என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?) என்று நீட்ட, எங்களுடையது ஒவ்வொன்றுக்கும் 335, அதாவது 'அனுப்பு' என்றது. வேறு வழியாக ஏற்கெனவே வந்துபோனவை எல்லாம் புதுசு போல ஊரெல்லாம் பரவின.

அதில் ஒன்று என் ரூம்மேட் சாக்.கல்ச்சர்.இந்தியன் குழுவில் ஒருவரைத் திட்டி எழுதியது. இருவரும் சமாதானமாகி இரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் ப்ரிண்ட்-அவுட்டோடு வந்து நின்றான். கீழே அந்த மனிதரின் புதுப் பதில், முன்னதைவிடக் காரமாக. "நான் மன்னிப்பு கேட்டது ஏன்டா திரும்ப வரல?" என்றான். அது 3 நாளுக்குள் எழுதியது; ஹிஸ்டரி சரியாகத் தடுத்துவிட்டது.

435_வேண்டாம்:
ஊரெல்லாம் என்பது மிகை. ஹிஸ்டரியை ஒழுங்காக வைத்திருக்கும் எந்த மெஷினும் ஐடியைப் பார்த்ததும் 435, அதாவது 'வேண்டாம்' என்று சொல்லித் திருப்பிவிடும். அதற்காகத்தானே ஐஹேவ்?

வெண்கலப்பானை:
சரிதான். ஆனால் எங்களை மட்டும் நம்பியிருந்த சின்ன மெஷின்கள் இரண்டு. அவற்றிலும் 3 நாள். வைத்ததும் நானே.

மோடம்_மாமா:
இப்படி ஐஹேவ் கேட்டு வாங்கும் என்என்டிபி முறை வந்தது 1986இல். அதற்கு முந்தைய கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. யூயூசிபி (ஃபோன் வழியாக மெஷினுக்கு மெஷின் நகலெடுக்கும் முறை), 1200 பாட் மோடம், இரவு 11 மணிக்கு மேல் சலுகைக் கட்டணம். ஒன்று படுத்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு இடத்திலிருந்து ஃபீட் (கட்டுரை வரத்து) வாங்கினோம். முழுக் கட்டுரையும் வந்து இறங்கிய பிறகுதான் 'இது இருக்கிறதே' என்று தூக்கிப் போடும். ஒருநாள் விடியும்வரை மோடம் கத்துவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். லாகைத் திறந்தால் வரிக்கு வரி டூப்ளிகேட். அந்த மாத ஃபோன் பில்லை ப்ரொஃபசர் பேசாமல் என் பக்கம் நகர்த்தினார்.

ஸ்பூல்_சாமி:
எனக்கும் ஒருமுறை டூப்ளிகேட் வந்தது, விடுங்கள். வெண்கலப்பானை, நீங்கள் செய்திருக்க வேண்டியது இதுதான். முதலில், இத்தனை நாளுக்கு மேல் பழையது என்றால் ஏற்காதே என்று, சி-நியூஸில் வரும் கட்டுரைகளைச் சேர்க்கும் ரிலேநியூஸில் ஒரு வரம்பு வைக்கலாம். ஹிஸ்டரி நினைவு அந்த வரம்பைவிட எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் நடுவில் விழும் இடைவெளியில்தான் பேய் நுழையும். இரண்டாவது, 1992இல் ஐஎன்என் என்ற புது மென்பொருள் வந்ததுமே மாறியிருக்கலாம். இணைப்புக்கு ஒரு ப்ராசஸ் என்று கிளம்பாமல் ஒரே டீமன் (பின்னணியில் எப்போதும் ஓடும் ப்ரோகிராம்) எல்லா ஃபீடையும் வாங்குவதால், ஒருவர் கொடுத்த ஐடி உடனே மற்றவருக்கும் 435 ஆகிவிடும். மூன்றாவது, கட்டுரை கடந்து வந்த மெஷின்களைச் சொல்லும் பாத் வரியில் பக்கத்து மெஷினின் பெயர் சரியாக விழுகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வாங்கியதையே அதனிடம் திரும்ப நீட்டுவீர்கள். நான்காவது, டிஸ்க் போதாவிட்டால் ஹிஸ்டரியில் கை வைக்காமல் ஆல்ட் குழுக்களில் (யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடியவை) கட்டுரைகளின் ஆயுளைக் குறையுங்கள்.

வெண்கலப்பானை:
நன்றி சாமி. அந்த மெஷின் காயலான் கடைக்குப் போய் முப்பது வருஷம் ஆகிறது.