அசெம்பிள் செய்த கணினியை விட்டு மேக்கிற்கு மாறலாமா?

கேள்வி

வணக்கம். 2017ஆம் ஆண்டு நானே பாகங்களைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிய கணினியைத்தான் இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். ரைசன் 7 1700 ப்ராசஸர், பி350 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு. இடையில் பவர் சப்ளையை ஒரு முறையும் எஸ்எஸ்டியை ஒரு முறையும் மாற்றியதைத் தவிர, அது எனக்குப் பெரிய தொல்லை எதையும் தந்ததில்லை. கேபினெட்டின் பக்கத் தகட்டில் ஒரு திருகுக்கு மரை தேய்ந்துபோய்விட்டதால், பல ஆண்டுகளாக ஒரு துண்டு ஒட்டுநாடாதான் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது இரண்டு சிக்கல்கள் சேர்ந்து வந்திருக்கின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்குமா என்று சோதித்தால், இந்த ப்ராசஸர் பட்டியலில் இல்லை என்று பதில் வருகிறது. இரண்டாவது சிக்கல் தொழில் சார்ந்தது. நேர்காணல்களையும் குறும் ஆவணப்படங்களையும் டாவின்சி ரிசால்வ் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில் தொகுப்பது என் வேலை. புதிய கேமராவுக்கு மாறியதிலிருந்து டைம்லைனில் காட்சிகள் விட்டு விட்டுத்தான் நகர்கின்றன. பழைய கேமராவின் 4கே கோப்புகளோ அதே கணினியில் இன்றும் தடையின்றி ஓடுகின்றன.

எம்4 சில்லு கொண்ட மேக் மினிக்கு மாறிவிடலாம் என்ற எண்ணம் வலுத்து வருகிறது. ஆனால் ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தவனுக்கு, ரேமைக்கூடத் தொட முடியாத ஒரு பெட்டியை நம்பி இறங்கத் தயக்கமாக இருக்கிறது. விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் வடிவில் இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க்குகளில் பழைய வேலைகள் அனைத்தும் உள்ளன. வார இறுதியில் மகளோடு சில பழைய விளையாட்டுகளும் ஆடுவதுண்டு. இரு பக்கமும் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

நீங்கள் இரண்டு சிக்கல்களையும் ஒன்றாகக் கட்டி, அந்த மூட்டைக்கு "கணினி பழையதாகிவிட்டது" என்று பெயர் வைத்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. நான் முதல் சிக்கலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

விண்டோஸ் 11 மறுப்பது உங்கள் ப்ராசஸரைத்தான், கணினியை அல்ல. முதல் தலைமுறை ரைசன் அந்தப் பட்டியலில் இல்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் மதர்போர்டில் ப்ராசஸர் பொருந்தும் இடம் ஏஎம்4 சாக்கெட். பி350 உள்ளிட்ட 300 வரிசைப் போர்டுகளிலும் ரைசன் 5000 வரிசை ஓடுவதற்கு ஏஎம்டி 2022இல் வழிவிட்டது; உங்கள் போர்டின் தயாரிப்பாளர் அதற்கான பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளை) வெளியிட்டிருந்தால் ரைசன் 5 5600 அல்லது ரைசன் 7 5700எக்ஸ் நேராகப் பொருந்திவிடும். ரேம், கேபினெட், பவர் சப்ளை எதையும் மாற்ற வேண்டியதில்லை. இருக்கும் கூலரையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

வரிசை முக்கியம். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். புதியதைப் பொருத்திய பிறகு பயாஸ் அதை அடையாளம் காணாவிட்டால் திரையில் எதுவும் வராது. சில போர்டுகள் இடைப்பட்ட ஒரு பதிப்பை முதலில் ஏற்றச் சொல்லும் என்பதால், பதிவிறக்கப் பக்கத்திலுள்ள குறிப்பை முழுமையாகப் படிக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வைத்த பிறகே தொடங்குங்கள். பிறகு பயாஸில் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதிகளான எஃப்டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் இயக்க வேண்டும். எஸ்எஸ்டி பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி, கோப்புகளை அழிக்காமலே அதைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றித் தரும். பேக்அப் எடுக்காமல் மட்டும் அதை ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, பட்டு அறிந்தது. ஏஎம்4 ப்ராசஸர்களின் அடியில்தான் ஊசிகள் இருக்கும். பல ஆண்டுகள் ஆன தெர்மல் பேஸ்ட் இறுகிப் பசைபோலப் பிடித்திருக்கும் நிலையில் கூலரை நேராக மேலே இழுத்தேன். சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடியே இருக்க, ப்ராசஸரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஓரத்தில் மூன்று ஊசிகள் சாய்ந்துபோயின. ஒரு மெல்லிய பிளேடால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்திய அந்த அரை மணி நேரத்தை இன்னும் மறக்கவில்லை. கணினியைப் பதினைந்து நிமிடம் கனமான வேலையில் ஓடவிட்டு, பேஸ்ட் இளகிய சூட்டோடு அணைத்து, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகிய பிறகே தூக்குங்கள்.

இதையெல்லாம் இன்றே செய்ய வேண்டும் என்றும் இல்லை. தனிப்பட்ட பயனர்களுக்கான கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தால், விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஆதரவில்லாத ப்ராசஸரிலேயே விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றுவோரும் உண்டு. ஆனால் அந்தக் கணினிகளுக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை என்பதால், தொழிலுக்குப் பயன்படும் கணினியில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 2

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். நானும் அசெம்பிள் செய்த கணினியிலிருந்து மேக் மினிக்கு மாறியவன், அதே தொகுப்பு வேலைக்காக.

பழைய கேமராவின் 4கே ஓடுகிறது, புதியது திணறுகிறது என்ற உங்கள் வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. புதிய கேமரா எச்.265 என்ற காணொளிச் சுருக்க வடிவில் 10 பிட் 4:2:2 முறையில் பதிவு செய்கிறது என்று ஊகிக்கிறேன். 4:2:0 முறையில் நிறத் தகவல் கிடைமட்டத்திலும் செங்குத்திலும் பாதியாகக் குறைக்கப்படும். 4:2:2இல் கிடைமட்டத்தில் மட்டுமே குறைக்கப்படும் என்பதால் நிறத் தகவல் இரு மடங்காகிறது. பிரச்சினை அந்த அளவு மட்டுமன்று. என்விடியா கார்டுகளில் 4:2:2வை வன்பொருளிலேயே பிரித்துப் படிக்கும் வசதி 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் தொடங்குகிறது. உங்கள் ஜிடிஎக்ஸ் 1060 அந்தக் கோப்பைக் கண்டதும் கைவிரித்துவிடுவதால், சுமை முழுவதும் ப்ராசஸரின் தலையில் விழுகிறது. ஆகவே பதில் 1 சொல்லும் ப்ராசஸர் மாற்றம் உங்கள் திணறலைக் குறைக்குமே தவிர, தீர்க்காது.

ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகள் எம்1 வந்த 2020இலிருந்தே இந்த வகை எச்.265ஐ வன்பொருளில் படிக்கின்றன. நான் மாறிய முதல் நாள், மூன்று கேமராக் கோணங்களை அடுக்கி ஸ்பேஸ் பாரைத் தட்டியபோது விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே மாறியதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. 16 ஜிபி நினைவகம் என்பது கிராபிக்ஸுக்கும் சேர்த்துத்தான். உங்கள் கணினியில் 16 ஜிபி ரேமோடு கார்டில் தனியாக இருக்கும் நினைவகம் அங்கே கிடையாது. பிறகு கூட்டவும் முடியாது என்பதால், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு என்ன தேவைப்படும் என்பதை வாங்கும் நாளிலேயே ஊகித்தாக வேண்டும். அசெம்பிள் செய்து பழகியவர்களுக்குக் கடினமான மாற்றம் இதுதான் என்பேன். வெளியிலிருந்து கிராபிக்ஸ் கார்டு இணைப்பதற்கும் இந்தச் சில்லுகளில் வழியில்லை. சேமிப்பிடம் மட்டும் அவ்வளவு நெருக்கடி தராது. தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு வழியாக வெளி எஸ்எஸ்டியை இணைத்து அதிலேயே தொகுக்கலாம்.

உங்கள் என்டிஎஃப்எஸ் டிஸ்க்குகளை மேக்ஓஎஸ் படிக்கும், அவற்றில் எழுதாது. அதற்கென்று தனி மென்பொருள் வாங்க வேண்டும், அல்லது இரண்டையும் வேறு டிஸ்க்குகளுக்கு நகலெடுத்துவிட்டு விண்டோஸும் மேக்கும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மேட் செய்ய வேண்டும். 8 டிபி இடம் கடன் வாங்காமல் அந்த வேலை நடக்காது. பழைய ப்ளக்இன்கள் இன்டெல்லுக்கானவை மட்டும் என்றால் அவற்றை எம் வரிசைச் சில்லுகளில் ஓடவைக்கும் ஆப்பிளின் ரோசெட்டா 2 வழியாக இப்போது ஓடும்; ஆனால் அதன் பொதுவான ஆதரவு மேக்ஓஎஸ் 27 வரைதான் என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. மகளோடு ஆடும் விளையாட்டுகளைப் பொறுத்தவரை, 32 பிட் செயலிகளுக்கு மேக்ஓஎஸ் 2019இலேயே கதவை மூடிவிட்டது. பழைய கணினியை அதற்காகவாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மானிட்டரைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. எழுத்துகளைக் கூர்மையாகக் காட்டும் சப்பிக்சல் முறையை ஆப்பிள் 2018இல் நீக்கிவிட்டதால், 1080பி திரையில், குறிப்பாகத் தமிழின் சுழிகள் நிறைந்த ணகரமும் னகரமும் சற்று மங்கலாகத் தெரியும். 4கே திரை என்றால் கவலையில்லை. தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் இயங்குதளத்திலேயே இருக்கின்றன.

பதில் 3

லினக்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று நினைப்பீர்கள். நான் தினமும் லினக்ஸ்தான் பயன்படுத்துகிறேன், உங்கள் கணினியில் அது சிறப்பாகவே ஓடும். ஆனாலும் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறப்பதில்லை. ஒவ்வொரு கோப்பையும் முதலில் வேறு வடிவத்துக்கு மாற்றிய பிறகே வேலை தொடங்கும்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் அதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே காட்சியைக் கேமராவில் ஒரு முறை 4:2:0இலும் ஒரு முறை 4:2:2இலும் எடுத்து, டைம்லைனில் அருகருகே வைத்து ஓட்டுங்கள். ப்ராக்ஸி (தொகுப்பதற்கென எடை குறைத்த நகல்) உருவாக்கியும் ஓட்டிப் பாருங்கள். பதில் 2 சொல்வது ஊகமா உண்மையா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் திறந்து பார்த்தேன். புதிய கேமராவின் கோப்புகள் அனைத்தும் 10 பிட் 4:2:2தான். கேமராவின் மெனுவை வாங்கிய நாளில் திறந்ததோடு சரி; உயர்ந்த தரம் எது என்று பார்த்து அதை வைத்துவிட்டு மறந்துவிட்டேன். 4:2:0க்கு மாற்றி எடுத்த காட்சி இந்தப் பழைய கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இத்தனை மாதங்களாக ப்ராசஸரைத் திட்டியதற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கடைசியாக முடித்த பத்து வேலைகளை எடுத்துப் பார்த்தேன். நிறத்தில் நுணுக்கமாகக் கை வைக்க வேண்டியிருந்தவை இரண்டு மட்டுமே. மீதி எட்டும் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து பேசும் நேர்காணல்கள். ஆகவே நேர்காணல்களை 4:2:0இல் எடுப்பது, மற்ற இரண்டு போன்றவற்றுக்கு இரவில் ப்ராக்ஸி உருவாக்கிவிட்டுக் காலையில் தொகுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்துவிட்டேன். என் போர்டுக்கு ரைசன் 5000ஐ ஏற்கும் பயாஸ் வந்திருக்கிறது, ஆனால் பதில் 1 எச்சரித்தபடி இடையில் ஒரு பதிப்பை ஏற்றச் சொல்கிறது. வேலை இல்லாத ஒரு வாரத்தில் 5700எக்ஸைப் பொருத்துவேன், கூலரைச் சூட்டோடு திருகித்தான் எடுப்பேன்.

நிறம் திருத்தும் வேலைகள் பத்தில் ஐந்தாக உயர்ந்தால் மேக் மினியை மறுபடி யோசிப்பேன். அதற்குள் அந்த 8 டிபியை எக்ஸ்ஃபேட் டிஸ்க்குகளுக்குச் சிறிது சிறிதாக நகலெடுக்கத் தொடங்குகிறேன். மாறினாலும் மாறாவிட்டாலும் இன்னொரு பிரதி இருப்பது நல்லதுதான்.