எழுத்துகளைக் கற்ற பிறகு தொடங்கிய சிக்கல்

ஒரு தாயின் பகிர்வு

என் மகளுக்கு 5 வயது நிறைந்தபோது தமிழையும் ஆங்கிலத்தையும் ஒன்றாகவே படிக்கத் தொடங்கினாள். இரண்டு எழுத்துமுறைகளும் குழம்பிவிடும் என்று எச்சரித்தவர்கள் பலர். அப்படி எதுவும் நேரவில்லை. தமிழில் 247 எழுத்துகள் என்று எண்ணிக்கை மிரட்டினாலும், 12 உயிரும் 18 மெய்யும் மனத்தில் நின்று, துணைக்காலும் கொம்பும் சேரும் முறை பிடிபட்டுவிட்டால், ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிடச் சீரானது என்பதால், ஓராண்டுக்குள் எந்தச் சொல்லைக் காட்டினாலும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். (கு, சு, டு, மு என்று மெய்க்கொரு வடிவம் எடுக்கும் உகர வரிசை மட்டும் அவளைச் சில நாள் அழவைத்தது.)

சிக்கல் அதன் பிறகுதான் வந்தது. ஒரு நாள் கதைப்புத்தகம் ஒன்றில் ‘அவர்கள் ஆற்றைக் கடந்து சென்றுகொண்டிருந்தனர்’ என்ற வரியைப் பிழையின்றி வாசித்தவள், நிமிர்ந்து பார்த்து, “இது என்ன பாஷைம்மா?” என்று கேட்டாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் அவர்கள் ‘ஆத்தத் தாண்டிப் போயிட்டிருந்தாங்க’. யோசித்துப் பார்த்தபோது தவறு என்னுடையது என்று புரிந்தது. இரவில் கதை படித்துக் காட்டும்போது, குழந்தைக்கு எளிதில் விளங்கட்டும் என்று, அச்சிலிருந்த தமிழை நானே பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்லிவந்தேன். ஆங்கிலப் புத்தகத்தையோ அச்சிலிருந்தபடியே வாசித்தேன். ஆகவே எழுத்து ஆங்கிலம் ஈராண்டாக அவள் காதில் விழுந்திருந்தது. எழுத்துத் தமிழ் ஒரு நாளும் விழவில்லை.

அன்று முதல் ஒவ்வொரு பத்தியையும் முதலில் அச்சிலிருந்தபடியும் பிறகு பேச்சிலும் சொன்னேன். முதல் இரண்டு வாரம் “படிக்காதீங்க, சொல்லுங்க” என்று அடம்பிடித்தாள். பிறகு அவளாகவே பொருத்தம் பார்க்கத் தொடங்கினாள். நான் ‘நேத்து’ என்றால் அவள் ‘நேற்று’ என்பாள். ‘காத்து’ என்றால் ‘காற்று’. ‘வந்துட்டான்’ என்றால் ‘வந்துவிட்டான்’. ஒரு நாள் நோட்டில் ‘பாற்று’ என்று ஒரு சொல் இருந்தது. ‘பாத்து’ என்பதன் எழுத்து வடிவமாம். அது ‘பார்த்து’ என்று திருத்தினேன் என்றாலும், நான் சொல்லித்தராத விதியொன்றை அவளே கண்டுபிடித்து, பொருந்தாத இடத்திலும் துணிந்து பொருத்திப் பார்த்த அந்தப் பிழையைப் போல வேறெந்தச் சரியான விடையும் எனக்கு நிறைவு தந்ததில்லை.

ஒரு தந்தையின் பகிர்வு

மேலே எழுதியவர் காதைப் பற்றிச் சொன்னதை நான் வேறொரு வழியில் கண்டேன். என் மகன் முதலில் கற்றது ஆங்கிலம். ஆகவே ‘மேசை’ என்பதில் முதலில் மகரத்தை எழுதி, அதன் பின்னே இரட்டைக்கொம்பைப் போடுவான். காதில் விழும் வரிசை அதுதானே என்று அவன் கேட்டதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் ககரம் வெவ்வேறு விதமாக ஒலிக்க, எழுத்து மட்டும் ஏன் ஒன்றே என்பதும் அவனுக்குப் பெரிய புதிர். சொல்லின் முதலில் வல்லொலி, மெல்லின மெய்யை அடுத்து வந்தால் வேறொலி, உயிர்களுக்கு நடுவே மென்மை என்று விளக்கிப் பார்த்தேன், பயன் குறைவு. ஏற்கெனவே பேச்சில் அறிந்த சொற்களை மட்டும் எந்த விளக்கமும் இல்லாமல் சரியாக ஒலித்தான்.

எழுதுவதில் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். ல-ள-ழ, ர-ற, ந-ன-ண என்று ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அவனுடைய வாக்கியங்கள் சுருங்கின. ஒரு நாள் ‘மழை’ என்று எழுத வேண்டிய இடத்தில் மேகமும் துளிகளும் வரைந்திருந்தான். அதன் பிறகு ஒரு பக்கத்தில் ஒரு வகைப் பிழையை மட்டுமே தொட்டேன். ஆறு மாதத்தில் பக்கங்கள் மறுபடியும் நிறைந்தன.

தாமதமாகத் தொடங்கியவரின் பகிர்வு

எங்கள் மகள் தமிழ் எழுத்தைத் தொட்டதே 11 வயதில். ஒரு மொழியில் பெற்ற வாசிப்புத் திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருத்து எங்கள் வீட்டளவில் பாதி உண்மையாயிற்று. வாசிப்பது எப்படி என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்ததால் எழுத்துகள் சில வாரங்களில் வசப்பட்டன. சொல்வளம் அப்படி வந்துவிடவில்லை, அதற்கு ஆண்டுகள் ஆகின்றன.

கைப்பேசியில் ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் மாறும் விசைப்பலகையைக் கொண்டுதான் அவள் எழுதுகிறாள். திரையில் வரிசையாகத் தோன்றும் ‘பல்லி’, ‘பள்ளி’ ஆகியவற்றில் சரியானதைத் தேர்ந்தெடுக்கிறாள். அதே சொல்லைத் தாளில் எழுதச் சொன்னால் தயங்குகிறாள். இதை எழுத்தறிவு என்று ஒப்புக்கொள்ள எனக்குச் சில காலம் பிடித்தது. இப்போது எனக்கு நாள்தோறும் தமிழில் செய்தி அனுப்புகிறாள் என்பதால், கையெழுத்துப் பயிற்சியை அவளாகக் கேட்கும்வரை ஒத்திவைத்திருக்கிறேன்.