ஐரிஷ் குடும்பப்பெயரும் மரபணுச் சோதனையும்: நீங்கள் நேரில் கண்டது என்ன?

மலர்விழி, லெட்டர்கென்னி

மனதை விட்டு அகலாத ஒன்றை இறக்கி வைக்கவே எழுதுகிறேன். வீடு வீடாகச் சென்று முதியவர்களைக் கவனிக்கும் செவிலியர் நான். அயர்லாந்தின் வடமேற்கில் உள்ள இந்த டொனெகாலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கேலஹர் குடும்பங்கள்தாம். நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவரும் கேலஹர், எண்பதைத் தாண்டியவர். கால் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போதெல்லாம் அவருக்கு ஒரே பேச்சு: பழைய ஐரிஷ் அரசன் 'ஒன்பது பிணைக்கைதிகளின் நியால்', அவன் மகன் கோனல் குல்பன், அந்த வழியில் கெனேல் கோனல் குலம், அதிலிருந்து கிளைத்த கேலஹர்கள், ஓ'டொனல் தலைவர்களின் படையை நடத்தியவர்கள். பேரப்பிள்ளைகளின் பெயரில் தடுமாறுவார். இந்த வரிசையில் ஒருநாளும் தடுமாறியதில்லை.

மகள் ஆசையாக, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும் சோதனைப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். முடிவில், நியால் வழியின் அடையாளம் என்று பலரும் சொல்லும் எம்222 என்ற மரபணுக் குறி இல்லை. நெருங்கிய பொருத்தங்களில் ஒரு கேலஹர் கூட இல்லை.

அடுத்த முறை நான் போனபோது அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். "கல்லறைத் தோட்டத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அது இன்னும் என் இடம்தானா?" என்று கேட்டார். உங்கள் இடம்தான் ஐயா என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒருவரை நீங்கள் யாராவது சந்தித்திருக்கிறீர்களா?

சரவணன், டப்ளின்

என் அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரர் டாயில். கறுத்த அந்நியன் என்ற பொருளில் பிறந்த பெயர், ஆகவே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த கடலோடிகளான வைக்கிங்குகளின் வம்சம் என்று எல்லோரும் சொல்வதுதான். அவரும் அதில் ஊறியவர். முன்கை முழுக்க நாகத்தலைக் கப்பலைப் பச்சை குத்தியிருந்தார். 1970களில் வைக்கிங் நகரம் தோண்டியெடுக்கப்பட்ட வுட் குவே, எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரம். அங்கே என்னையும் அழைத்துப் போய், இந்த மண்ணின் மேல் நகராட்சிக் கட்டடம் எழும்பியதைச் சொந்த வீடு பறிபோனவரைப் போல விவரித்தார்.

சோதனை முடிவில் நார்வேயும் இல்லை, டென்மார்க்கும் இல்லை. அயர்லாந்தில் பெரும்பான்மை ஆண்களுக்கு இருக்கும் அதே ஆர்1பி என்ற தந்தைவழிப் பிரிவுதான். வைக்கிங் வழி வந்ததாகக் கருதப்படும் குடும்பப்பெயர்க்காரர்களைச் சேகரித்துச் சோதித்த 2006 ஆய்விலும் ஸ்காண்டிநேவியத் தடயம் மிகக் குறைவு என்பதை எடுத்துக் காட்டினேன். தலையசைத்தார், அவ்வளவுதான். நல்ல வெயில் காலம் அது. சுருட்டி விட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

இளங்கோவன், கார்க்

மலர்விழி, அந்தப் பெரியவருக்கு யாரோ அரைகுறைக் கதை சொல்லியிருக்கிறார்கள். சரவணன், நீங்களும் 'அவ்வளவுதான்' என்று முடித்திருக்கக் கூடாது.

எம்222 என்பது நியாலின் முத்திரை அல்ல. டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டது இதுதான்: வடமேற்கு அயர்லாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஓர் ஆணுக்கு ஒரே தந்தைவழிக் குறி இருக்கிறது, அது நியாலின் வழி வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஈ நீல் அரச மரபோடு தொடர்புடையதாகலாம். செய்தித்தாள்கள் அதை 'நியாலின் பிள்ளைகள்' ஆக்கிவிட்டன. நியால் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு முன்பே அந்தக் குறி தோன்றிவிட்டது என்பது பிற்பாடு வந்த கணக்கு. ஸ்காட்லாந்தின் தாழ்நிலங்களிலும் அது ஏராளம். எம்222 இருப்பதால் ஒருவர் அரச வம்சம் ஆகிவிடுவதும் இல்லை, இல்லாததால் கேலஹர் அல்லாமல் போவதும் இல்லை.

அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வை அவருடைய மகள் அவசியம் படிக்க வேண்டும். 43 குடும்பப்பெயர்கள், 1,125 ஆண்கள். ஒரே குடும்பப்பெயர் கொண்ட இருவரின் ஒய் வரிசை ஒத்துப்போகும் வாய்ப்பு, மற்றவர்களைவிடச் சராசரியாக 30 மடங்கு அதிகம். ஓ'சல்லிவன், ரயன் பெயர்களுக்குப் பெரிய மூதாதை ஒருவர் தெரிகிறார். மர்பி, கெல்லி பெயர்களோ பல இடங்களில் தனித்தனியாக முளைத்தவை. ஆனால் சோதித்த எந்தப் பெயரிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மேல் அந்த முதல் மூதாதையின் நேர்வழியில் இல்லை. மற்றவர்கள் தத்துப் பிள்ளைகள், தாயின் பெயரை எடுத்தவர்கள், தலைவனை அண்டி வாழ்ந்து அவன் பெயரைச் சூடியவர்கள். ஐரிஷ் குடும்பப்பெயர்களுக்கு ஆயிரம் ஆண்டு வயது. இத்தனை தலைமுறைகளில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஒரு சல்லிவன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளை இருவரும் திறந்து பார்த்தோம். குடும்பத்தலைவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். கையொப்பத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. கீழே, திருமணமாகாத மகள். அதற்கும் கீழே, மூன்று வயதுப் பையன், உறவு என்ற கட்டத்தில் 'பேரன்', குடும்பப்பெயர் சல்லிவன். அந்தப் பையன்தான் வீட்டுக்காரரின் தந்தை. திரையில் அந்தப் பெருக்கல் குறியை விரலால் தொட்டு, "என் பெயரை எனக்குக் கொடுத்தவர் இவர்" என்றார்.

ஆகவே மலர்விழி, செய்ய வேண்டியது இது. இன்னும் விலை உயர்ந்த சோதனையை இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் அவருடைய சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளில் ஓர் ஆணைச் சோதிக்கச் சொல்லுங்கள். அவரும் இவரோடு ஒத்துப்போனால் கிளை மாறியது தாத்தா காலத்திலோ அதற்கும் முன்போ என்று தெரிந்துவிடும். பிறகு 1901, 1911 தாள்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளை நம்பி இருக்காதீர்கள்: 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது, 1821 முதல் 1851 வரையிலானவை பெரும்பாலும் 1922இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போயின. அந்த இடைவெளிக்கு கிரிஃபித் நில மதிப்பீடு இருக்கிறது, 1847 முதல் 1864 வரை. ஆனால் அதில் வீட்டையோ நிலத்தையோ வைத்திருந்தவர் பெயர்தான் இருக்கும், குடும்பத்தில் மற்றவர்கள் பெயர் இருக்காது. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது; ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் யார் என்று பார்த்தால் பாதிக் கதை புரியும். பிறப்புப் பதிவு எல்லோருக்குமாகத் தொடங்கியது 1864இல்.

தாமரை, கால்வே

இளங்கோவன் அண்ணா, நீங்கள் எழுதிய செய்திகளில் குறை இல்லை. ஆனால் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் 'நான் எங்கே படுப்பது' என்று கேட்கிறார், நீங்கள் அவருடைய பாட்டியின் படுக்கையறைக் கதவைத் தட்டச் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரர் தாங்கிக்கொண்டார். எல்லோரும் தாங்குவார்கள் என்று எப்படிச் சொல்வது? தாளைத் திறப்பதா வேண்டாமா என்பது அந்த வீட்டார் முடிவு.

நான் கண்டது இதற்கு நேர்மாறு. எங்கள் விடுதியில் தங்க வந்த அமெரிக்கர் ஒருவர், திருமணமாகாத தாய்க்கு இங்கே பிறந்து, கைக்குழந்தையாகவே அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்பப்பட்டவர். 1940கள் தொடங்கி அப்படி 2,000 குழந்தைகளுக்கு மேல் அமெரிக்காவுக்குப் போயின. பிறப்புச் சான்றிதழைப் பெறும் உரிமை தத்துப் பிள்ளைகளுக்கு 2022 சட்டத்தில்தான் முழுமையாகக் கிடைத்தது. அதற்கு முன்பே அவர் எச்சிலைக் குழாயில் அடைத்து அனுப்பிவிட்டார். ஒய் பொருத்தங்கள் வரிசையாக ஜாய்ஸ், ஜாய்ஸ், ஜாய்ஸ். கானமாராவின் வடக்கே ஒரு பகுதிக்கே ஜாய்ஸ் நாடு என்று பெயர், அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நார்மன்களின் பின்னே வேல்ஸிலிருந்து வந்த குடும்பம் என்பார்கள்.

அவரோடு கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். இறைச்சிக்கடைப் பலகையில் ஜாய்ஸ் என்று பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே போய் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கினார். சமைக்க அடுப்பில்லாத அறையில் தங்கியிருந்தவர். கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை, மீதிச் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்தார். கறியை எங்கள் சமையலறையில் நான்தான் வேகவைத்தேன்.

மலர்விழி, லெட்டர்கென்னி

தாமரை, இந்தக் கதையைக் கட்டு மாற்றும்போது பெரியவரிடம் சொன்னேன். எந்தக் கடை, எந்தத் தெரு என்று கேட்டார். பல நாட்களுக்குப் பிறகு அவராக எடுத்த பேச்சு அது. இளங்கோவன் அண்ணா, 43 பெயர் ஆய்வைப் பற்றிய பகுதியை மகளுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். 1911 தாளைப் பற்றி எழுதவில்லை.

ஆரோக்கியம், பெரம்பூர்

அயர்லாந்தைப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு சல்லிவன் இருக்கிறார், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ஆங்கிலோ இந்தியர். அவர் மூதாதை கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படையில் சேர்ந்த சிப்பாய். அந்தப் படையே பின்னாளில், 1881இல், ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸில் முதல் பட்டாலியன் ஆனது. ஐரிஷ்காரர்கள் ஏராளமாகச் சேர்ந்த படை அது.

கனடாவில் இருக்கும் மகன் சோதித்திருக்கிறார். ஒய் குரோமோசோம் கெர்ரி, கார்க் பக்கத்துச் சல்லிவன்களோடு பொருந்துகிறது. மொத்த மரபணுவைப் பார்த்தால் பெரும்பங்கு தென்னிந்தியா. பெயரும் அந்த ஒரு குரோமோசோமும் மட்டும் கடல் கடந்து வந்து தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிக்கொண்டே இருக்கின்றன.

லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் மதராஸ் ஞானஸ்நானப் பதிவின் நகலை மேசையில் விரித்துக் காட்டினார். தந்தையின் பெயர், படைப்பிரிவு, பதவி எல்லாம் தெளிவான எழுத்தில். தாய்க்கு மட்டும் 'மேரி'. ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. "சல்லிவனைக் கண்டுபிடிக்க ஆயிரம் பேர் உதவுகிறார்கள். இவளைத் தேட யாரிடம் போவது?" என்றார்.

படைவீரர்களை மணந்து ஞானஸ்நானம் பெற்ற உள்ளூர்ப் பெண்களின் பழைய பெயரைக் குறித்து வைத்த பங்குப் பதிவேடு சென்னையிலோ திருச்சியிலோ எங்கேனும் இருக்கிறதா? பார்த்தவர்கள் இருந்தால் எந்தக் கோயில், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். அவரை நானே அழைத்துப் போகிறேன்.