புதுப்பிப்பு: ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கும் விவகாரம்

எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைத்தால் நூறு நாள் வேலை போகும், வரி ஏறும் என்று முன்பு எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

ஜனவரி 26 கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்ததால் தனி அலுவலர்தான் பொறுப்பில் இருந்தார். "இது இன்றைய கூட்டப்பொருளில் இல்லையே" என்று இழுத்தார். பெண்கள் நூறு நாள் வேலை அட்டைகளை வரிசையாக மேஜைமேல் வைத்தார்கள். "இதையும் நீங்களே வச்சுக்குங்க சார்" என்றார் ஓர் அக்கா. தீர்மானப் புத்தகம் திறந்தது!

தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் அரசியலமைப்பின் 243கியூ பிரிவு, நகர்ப்பகுதியை முடிவு செய்யும்போது விவசாயம் சாராத வேலையின் அளவையும் பார்க்கச் சொல்கிறது. எங்கள் ஆட்சேபணை மனு அதைத்தான் பிடித்திருக்கிறது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் இன்னும் நெல்லும் வாழையும்தான்.

பாதாளச் சாக்கடை வரும் என்று இணைப்பை ஆதரிப்பவர்களும் உண்டு. அந்த ஆசை நியாயம்தான். ஆனால் 2011-இல் 42 உள்ளாட்சிகள் சென்னையோடு சேர்ந்து, வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. அங்கே சாக்கடைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.